சமுதாயக் கல்லூரியும் ஊரார் பட்ட கடனும்

கல்லூரி ஒன்றின் செலவுகள் இருவகைப்படும். ஆசிரியர் சம்பளம், நூல், மின்விளக்கு முதலியவற்றிற்காகும் செலவு ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் தீர்வது. கட்டடச் செலவு அத்தகையதன்று. கட்டடம் ஒருமுறை எழுந்தால் நாற்பது ஐம்பது ஆண்டு நின்று, எழுப்பியவர் கண்டிராத மாணாக்கருக்கும் நிழலளிக்கும். ஆதலின் அதன் விலை முழுவதையும் ஓராண்டு வருவாயிலிருந்து கொடுத்தல் அரிது. கொடுத்தல் முறையுமன்று என வாதிப்பாரும் உளர். கடன் வாங்கிக் கட்டி, அக்கட்டடத்தின் பயனைத் துய்க்கும் தலைமுறையினரே அதனைச் சிறிது சிறிதாக இறுத்து வருதல் நீதி என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின் அக்கடனை யாருடைய சம்மதத்தோடு வாங்குவது? இன்னும் வாக்குரிமை பெறாத சிறுவரின் தலைமேல் அதனை ஏற்றிவைக்க இன்றுள்ளோருக்கு எவ்வளவு உரிமை உண்டு? ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் இவ்வினாக்களோடு நூறாண்டுக்கு மேலாக மல்லாடி வந்திருக்கிறது. அம்மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளின் கட்டட வரலாறு அம்மல்லாட்டத்தின் வரலாறே எனலாம்.

சமுதாயக் கல்லூரி என்பது யாது என முதலில் அறிதல் வேண்டும். இலங்கை வழக்கிலே கல்லூரி என்னும் சொல் உயர்தரப் பாடசாலையையும் குறிக்கும். அமெரிக்காவிற் சமுதாயக் கல்லூரி எனப்படுவதோ, பாடசாலைக் கல்வியை முடித்தோர் சென்று இரண்டாண்டு கற்கும் இடமாகும். அங்கே கற்றபின் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேர்வாரும் உளர். தாதித் தொழில், மோட்டார்ப் பொறித்திறன், கணக்கியல் முதலியவற்றைப் பயின்று நேரே தொழிலுக்குச் செல்வாரும் உளர். இவ்வகைக் கல்லூரிகளுள் இன்றளவும் தொடர்ந்து நடைபெறும் அரசினர் கல்லூரிகளில் மூத்தது, 1901ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து ஜோலியெற் நகரில் தோன்றியது. கலிபோர்ணியாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உயர்தரப் பாடசாலைகள் தம் மாணாக்கருக்கு மேற்படிப்பு வகுப்புக்களையும் நடத்தலாமென இடங்கொடுத்தது. அதன் வழியே 1910இல் பிரெஸ்னோ நகரில் முதற் கல்லூரி பிறந்தது. பாடசாலை வளவின் ஒரு மூலையிலே பிறந்த இக்கல்லூரிகள், பாடசாலைகளைப் போலவே அந்தந்த ஊரார் செலுத்தும் ஆதன வரியால் வளர்ந்தன. இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொரு கல்லூரி மாவட்டத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர் சபையொன்று ஆட்சி செய்கின்றது.

கட்டடங்களுக்கும் மாநில அரசுக்கும் நெருங்கிய தொடர்பை உண்டாக்கியது ஒரு பூமியதிர்ச்சி. 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் லொங் பீச் நகரும் சுற்றுப்புறமும் அதிர்ந்தன. செங்கல்லாற் கட்டிய பாடசாலைகள் பல இடிந்து சரிந்தன. மாணாக்கர் வீடு திரும்பிவிட்ட நேரமாதலின் அவர்களுட் பெரும்பாலார் தப்பினர். அவ்வதிர்ச்சி சில மணி நேரம் முந்தி நிகழ்ந்திருப்பின் விளைந்திருக்கக்கூடிய அழிவை எண்ணி நடுங்கிய சட்டசபை, ஒரே மாதத்துள் பீல்ட் சட்டத்தை இயற்றியது. பாடசாலைக் கட்டடங்களின் வரைபடங்களை மாநிலக் கட்டடக்கலை அதிகாரிகள் பரிசோதித்து ஒப்புதல் வழங்கவேண்டும் என்றும், வேலை நடைபெறும்போதும் மேற்பார்வை இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. பாடசாலையோடு ஒட்டிப் பிறந்த காரணத்தால் சமுதாயக் கல்லூரிகளும் அதன்கீழ் வந்தன. அதனால் கட்டடங்கள் உறுதிபெற்றன. செலவும் உயர்ந்தது. அச்செலவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பீல்ட் சட்டம் சொல்லவில்லை.

பணம் வந்த வழி பிணைமுறி. மாவட்டமொன்று பெருந்தொகை வேண்டுமெனின், இத்தனை ஆண்டில் இவ்வளவு வட்டியோடு திருப்பித் தருவோம் என்னும் உறுதிப் பத்திரங்களை முதலீட்டாளருக்கு விற்கும். அப்பத்திரமே பிணைமுறி. இதற்கு ஈடாக நிற்பது கல்லூரிக் கட்டடமன்று. அம்மாவட்டத்திலுள்ள காணி, வீடு, கடை, தொழிற்சாலை அனைத்தின்மேலும் விதிக்கப்படும் ஆதன வரியாகும். யாழ்ப்பாணத்திலே சோலைவரி என வழங்குவதற்கு இது ஓரளவு ஒத்தது. கவுண்டி அதிகாரிகள் இவ்வரியை அறவிட்டுத் தனிக் கணக்கில் வைத்து, முதலையும் வட்டியையும் இறுத்து வருவர். இவ்வகை முறிகளின் வட்டிக்கு அமெரிக்க மத்திய அரசு 1913ஆம் ஆண்டில் வருமான வரி தொடங்கிய காலந்தொட்டே வரி விலக்கு அளித்து வருகின்றது. ஆகவே செல்வர்கள் குறைந்த வட்டிக்கும் இவற்றை விரும்பி வாங்குவர். உள்ளூர்க் கல்லூரி மலிவாகக் கடன்பெறுதற்கு மத்திய அரசு மறைமுகமாக இங்ஙனம் உதவுகின்றது.

மக்களின் சம்மதமின்றி இக்கடனை வாங்கல் ஆகாது. 1879ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, ஊராட்சிகள் தம் ஓராண்டு வருவாயை மிஞ்சிக் கடன்படுவதாயின் வாக்களிப்போருள் மூன்றில் இரண்டு பங்கினர் இசைதல் வேண்டும் என விதித்தது. பின்விளைவு எண்ணாமற் கடன்பட்டு இடருற்ற ஊர்களின் அனுபவமே இக்கடுமைக்குக் காரணம். இவ்விதியின் கணக்கை ஊன்றி நோக்குதல் தகும். வேண்டாம் என்னும் ஒரு வாக்கு, வேண்டும் என்னும் இரண்டு வாக்குகளைத் தடுத்து நிறுத்த வல்லது. நூற்றுக்கு 66 பேர் விரும்பியும் எழாத கட்டடங்கள் உண்டாதற்கு இக்கணக்கே வழிசெய்தது.

1960ஆம் ஆண்டில் மாநிலம் தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பாடசாலை முடித்தோருள் மேலான எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்கும், மேலான மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியர். கற்றுப் பயனடையக்கூடிய ஏனையோர் அனைவருக்கும் சமுதாயக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும் என்பது அதன் சாரம். கதவு திறந்தபோது கூட்டம் வந்தது. புதிய வளவுகள் பல அவ்விருபது ஆண்டுகளில் எழுந்தன. ஒரே காலத்தில் எழுந்த கட்டடங்கள் ஒரே காலத்தில் முதுமை அடையும் என்பதை அன்று எண்ணியவர் சிலரே. கூரை ஒழுக்கும் துருப்பிடித்த நீர்க்குழாயும் தலைகாட்டத் தொடங்கிய நாளில், பணம் வரும் வழியே அடைபட்டுப் போயிற்று.

அதை அடைத்தது 1978ஆம் ஆண்டு யூன் மாதம் மக்கள் வாக்கால் நிறைவேறிய 13ஆம் பிரேரணை. வீட்டு விலை வேகமாக ஏற, அதனோடு வரியும் ஏறி, ஓய்வூதியம் பெறும் முதியோர் தம் சொந்த வீட்டில் இருக்க முடியாது தவித்த காலம் அது. அவர்களின் கோபம் நியாயமற்றதன்று. அப்பிரேரணை ஆதன வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்றாகக் கட்டுப்படுத்தியது. மதிப்பை 1975ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுசென்று, ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அது ஏறலாகாது என்றும், வீடு கைமாறும்போதே புதிய விலைக்கு மதிப்பிடப்படும் என்றும் விதித்தது. வரி செலுத்துவோர் மூச்சுவிட்டனர். கல்லூரி மாவட்டங்களோ தம் வரி வீதத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை இழந்து, நாளாந்தச் செலவுக்கு மாநிலத் தலைநகரை நோக்கிக் கையேந்தின. அதுவரை கட்டணமின்றிக் கற்பித்த அக்கல்லூரிகள் 1984இல் மாணாக்கரிடம் கட்டணம் பெறத் தொடங்கின. முன்னரே மக்கள் ஒப்பிய கடனைத் தீர்க்கும் வரிக்கு மட்டுமே அந்த நூற்றுக்கு ஒன்று என்னும் எல்லையைக் கடக்க இடமிருந்ததால், புதிய பிணைமுறி என்பது எட்டு ஆண்டுகள் இயலாத காரியமாயிற்று. 1986ஆம் ஆண்டு 46ஆம் பிரேரணை அவ்வழியை மீண்டும் திறந்தது. ஆயினும் வாயிலில் நின்றது பழைய மூன்றில் இரண்டு என்னும் காவலே.

அக்காவலைத் தளர்த்தும் முயற்சி 2000ஆம் ஆண்டில் இருமுறை நடந்தது. மார்ச்சு மாதத்தில் 26ஆம் பிரேரணை, பாதிக்கு மேற்பட்ட வாக்கே போதுமென ஆக்க முயன்று தோற்றது. வாக்காளர் மனத்திலிருந்த ஐயத்தை உணர்ந்த ஆதரவாளர்கள், நவம்பர் மாதத்தில் 39ஆம் பிரேரணையைக் கொண்டுவந்தனர். அது நூற்றுக்கு 55 வாக்குப் போதும் எனக் கூறி, அத்தளர்வுக்கு விலையாகச் சில கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொண்டது. அது நிறைவேறியது. அதற்குக் கிடைத்த ஆதரவோ நூற்றுக்கு ஏறத்தாழ 53 மட்டுமே. தான் பிறருக்கு வகுத்த அளவைத் தானே எட்டாத பிரேரணை அது என எதிர்த்தோர் எள்ளினர். அரசியலமைப்பைத் திருத்தப் பாதிக்கு மேற்பட்ட வாக்கே போதுமாயிருக்க, கல்லூரிக்கு ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் கட்ட அதனினும் கூடிய வாக்கு வேண்டியிருப்பது விந்தையே.

இன்று நடைமுறையில் உள்ளது இது. பிணைமுறி வேண்டுமெனக் கருதும் பொறுப்பாளர் சபை, முதலில் தன் உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவைப் பெறவேண்டும். ஐவர் சபையில் நால்வர், எழுவர் சபையில் ஐவர். பணத்தால் எவ்வெவ் வேலைகள் செய்யப்படும் என்னும் பட்டியலை வாக்காளர் முன் வைக்கவேண்டும். பட்டியலில் இல்லாததற்குச் செலவிடலாகாது. ஆசிரியர் சம்பளத்துக்கோ நிருவாகச் செலவுக்கோ ஒரு சதமும் செல்லலாகாது. வாக்களிப்பு, ஒழுங்காக நடைபெறும் பொதுத் தேர்தலோடு சேர்ந்தே நடத்தல் வேண்டும். எவரும் கவனியாத ஒரு நாளிலே தனித் தேர்தல் வைத்து வென்றுவிடும் பழைய உபாயத்துக்கு இடமில்லை. வரியின் வீதம், ஆண்டுதோறும் திரளும் தொகை, எத்தனை ஆண்டு நீடிக்கும் என்னும் மூன்றும் வாக்குச்சீட்டிலேயே அச்சிடப்படவேண்டும் என 2017ஆம் ஆண்டுச் சட்டமொன்று மேலும் வற்புறுத்தியது. கல்லூரியின் பணத்தைத் தேர்தற் பிரசாரத்திற்குச் செலவிடலும் குற்றமாம். உண்மைகளை எடுத்துரைக்கலாம்; வாக்களியுங்கள் எனக் கேட்கலாகாது. அறிவித்தலுக்கும் ஆதரவு திரட்டலுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அதன்மேல் நடக்கத் தெரியாது வழக்குக்குள்ளான நிருவாகிகளும் உண்டு.

வரியின் அளவு என்ன? சமுதாயக் கல்லூரி மாவட்டமொன்று 55 வாக்கு முறையில் ஒருமுறை பெறும் ஒப்புதலுக்கு, மதிப்பிடப்பட்ட ஆதனத்தில் ஓர் இலட்சம் டொலருக்கு ஆண்டொன்றுக்கு 25 டொலர் என்பது எல்லை. ஆறு இலட்சம் டொலர் மதிப்புள்ள வீட்டுக்காரர் 150 டொலர் வரையிற் செலுத்துவர். இங்கே மதிப்பு என்பது சந்தை விலையன்று என்பதை மறத்தலாகாது. 13ஆம் பிரேரணையின் விளைவாக, ஒரே தெருவில் ஒரே அமைப்புடைய இரு வீடுகளுள் 1975இல் வாங்கப்பட்டது சிறிய மதிப்பும், சென்ற ஆண்டு வாங்கப்பட்டது பன்மடங்கு மதிப்பும் உடையனவாகும். ஆகவே கல்லூரிக் கடனிற் பெரும்பங்கு, புதிதாக வீடு வாங்கிய இளங்குடும்பத்தின் தோளில் விழுகின்றது. இவ்வேற்றுமை சமத்துவத்துக்கு மாறானதென எழுந்த வழக்கை 1992இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. வாடகை வீட்டில் வாழ்வோரும் வாக்களிக்கின்றனர். வரி அவர் பெயரில் வாராதெனினும் வாடகையினூடே ஓரளவு அவரை வந்தடையவே செய்யும். பெருங்கம்பனிகளோ வரி செலுத்தும். வாக்களிக்க அவற்றுக்கு உரிமையில்லை. யார் தீர்மானிக்கின்றார், யார் கொடுக்கின்றார் என்னும் இரண்டும் எங்கும் சரிவரப் பொருந்துவதில்லை.

அந்த 25 டொலர் எல்லையும் மக்கள் எண்ணுவது போன்ற உறுதியான வேலியன்று. பிணைமுறி விற்கும் வேளையில், எதிர்கால ஆதன மதிப்பை ஊகித்துக் கணக்கிடும்போது வரி அவ்வெல்லைக்குள் நிற்கவேண்டும் என்பதே விதி. விற்றபின் ஊகம் பொய்த்து மதிப்பு வீழ்ந்தால், கடனைத் தீர்க்க வேண்டிய அளவுக்கு வரி ஏறும். முதலீட்டாளருக்குக் கொடுத்த வாக்கு முந்தியது. 2008ஆம் ஆண்டை ஒட்டி வீட்டு விலைகள் சரிந்தபோது இவ்விதி வேறொரு வகையிற் கடித்தது. மக்கள் ஒப்புதல் தந்திருந்தும், மதிப்புக் குறைந்தமையால் எல்லைக்குள் நின்று முறி விற்க இயலாது பல மாவட்டங்கள் திகைத்தன. அப்பொழுது சிலர் கண்ட வழி, பல ஆண்டுகள் யாதொன்றும் செலுத்தாது வட்டிக்கு வட்டி ஏறவிட்டு, இறுதியில் மொத்தமாக இறுக்கும் முறியாகும். இன்றைய வரி ஏறாது. இன்றைய பொறுப்பாளர் மீது பழியும் வாராது. சான் டியேகோவுக்கு அண்மையிலுள்ள பவ்வே பாடசாலை மாவட்டம் 2011இல் இவ்வாறு வாங்கியது 10.5 கோடி டொலர்; திருப்பிக் கொடுக்க வேண்டியதோ 98 கோடி. இது வெளிவந்தபோது மாநிலமெங்கும் அதிர்ச்சி உண்டாயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வகை முறியின் காலத்தை 25 ஆண்டுக்கும், இறுக்கும் மொத்தத்தை வாங்கிய முதலின் நான்கு மடங்குக்கும் உட்படுத்தியது. சட்டம் வருமுன் விற்கப்பட்டவை விற்கப்பட்டவையே. பிறவாத பிள்ளையின் பெயரிலே கடன் எழுதுவது எத்துணை எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

55 வாக்குக்கு விலையாக ஏற்கப்பட்ட கட்டுப்பாடுகளுட் குடிமக்கள் மேற்பார்வைக் குழு குறிப்பிடத்தக்கது. தேர்தல் முடிவைச் சபை தன் குறிப்பேட்டிற் பதிந்து அறுபது நாளுக்குள் ஏழு பேருக்குக் குறையாத குழுவொன்றை அமைத்தல் வேண்டும். வணிகர் சங்கம், முதியோர் சங்கம், வரியிறுப்போர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவரும், கல்லூரிக்கு உதவும் அமைப்பிலிருந்து ஒருவரும், அக்கல்லூரியிற் கற்கும் மாணாக்கர் ஒருவரும் அதில் இடம்பெறுவர். கல்லூரி ஊழியரும் ஒப்பந்தகாரரும் சேரலாகாது. உறுப்பினருக்குச் சம்பளமில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் கணக்காய்வு அறிக்கைகளை வாசித்து, பணம் பட்டியலின்படி செலவாயிற்றா என ஊராருக்கு அறிவித்தல் இவர் கடமை. வாசிக்கலாம், கேட்கலாம், பறைசாற்றலாம். ஒரு செலவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. அக்குழுவைத் தெரிவு செய்வதும் கண்காணிக்கப்படும் பொறுப்பாளர் சபையே.

இதன் போதாமையை லொஸ் ஏஞ்சலீஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் வரலாறு காட்டும். ஒன்பது கல்லூரிகளைக் கொண்ட அம்மாவட்டத்து மக்கள் 2001இல் 124.5 கோடி டொலர், 2003இல் 98 கோடி, 2008இல் 350 கோடி எனக் கடனுக்கு ஒப்புதல் வழங்கினர். பழுதடைந்த வளவுகள் உருமாறின. நூலகங்களும் விஞ்ஞானக் கூடங்களும் எழுந்தன. ஆயின் 2011ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட தொடர் கட்டுரைகள், திட்டமின்மையாலும் குறைபாடுள்ள வேலையாலும் வீணான பணத்தை அம்பலப்படுத்தின. அதே ஆண்டில் மாநிலக் கணக்கதிகாரி நடத்திய ஆய்வும் நிருவாகத்தைக் கண்டித்தது. மேற்பார்வைக் குழு இருந்த இடத்திலேயே இவை நிகழ்ந்தன. எனினும் அம்மக்கள் கல்லூரியைக் கைவிடவில்லை. 2016இல் 330 கோடிக்கும், 2022இல் 530 கோடிக்கும் மீண்டும் இசைந்தனர். பட்ட அனுபவத்தை மறந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்வாரும், பிள்ளைகளின் வகுப்பறையை அதிகாரிகளின் பிழைக்காகத் தண்டிக்க அவர் விரும்பவில்லை என்று கொள்வாரும் உண்டு. பின்னையது பொருத்தமாகத் தோன்றுகின்றது. அங்கே பகலில் உழைத்து மாலையில் வகுப்புக்கு வருவோர் பலர். வாக்களித்தோருட் பலருக்கு அக்கல்லூரி தாம் படித்த இடம், அன்றித் தம் மகளோ மருமகனோ தாதியாகவும் மின்வினைஞராகவும் பயின்று வெளியேறிய இடம்.

இன்னுமொரு குறை ஆழமானது. ஆதன மதிப்பே கடனின் அளவுகோலாதலின், கடலோரத்து மாளிகைகளும் பெருந்தொழிற் கூடங்களும் நிறைந்த மாவட்டம் சிறு வரியால் பெருந்தொகை திரட்டும். வயலும் எளியோர் குடியிருப்புமே உள்ள உள்நாட்டு மாவட்டம் அதே வரியால் சிறுதொகையே பெறும். முறிக்கடனின் மொத்தம் மாவட்டத்து வரிக்குரிய ஆதன மதிப்பில் ஒரு குறித்த பங்கைக் கடவாது என்னும் வரம்பும் வறிய ஊரையே முதலில் நெருக்குகின்றது. புதுக்கூரை மிகவும் வேண்டப்படும் இடத்திற்குக் கூரை அரிதாகின்றது. இதனைச் சமன்செய்யவே மாநிலம் தன் பெயரிலும் பிணைமுறி விற்று மாவட்டங்களுக்குத் துணைநிற்கின்றது. ஆனால் ஊர்ப்பணம் ஒரு பங்கு முன்வைக்கும் திட்டங்கள் முந்திக்கொள்ளும் வழக்கம் இருத்தலால், மாநில உதவியும் ஓரளவு உள்ளோரையே தேடிச் செல்லும் என்னும் முறைப்பாடு ஓயவில்லை. 2016இல் மாநில மக்கள் ஒப்பிய 900 கோடியில் 200 கோடி சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் 1,500 கோடிக்கு விடுத்த வேண்டுகோளை அவர்கள் மறுத்தனர். அது தற்செயலாக 13 என்னும் எண்ணைப் பெற்றிருந்தமையால், 1978ஆம் ஆண்டு வரிக்காப்பை நீக்க வந்த பிரேரணையோ எனச் சிலர் மயங்கினர் என்றும் அக்காலத்திற் பேசப்பட்டது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் 1,000 கோடி டொலர் பிரேரணை நிறைவேறி, அதில் 150 கோடி சமுதாயக் கல்லூரிகளின் பங்காயிற்று. அதே நாளில், வீடமைப்புக்கும் ஊர்ப் பொதுவசதிகளுக்கும் ஊராட்சிகள் பெறும் கடனுக்கும் நூற்றுக்கு 55 வாக்கே போதும் என ஆக்க முயன்ற 5ஆம் பிரேரணை தோற்றது. தீயணைப்பு நிலையமும் நீர்க்குழாயும் வேண்டும் ஊர்கள் இன்னும் 1879ஆம் ஆண்டின் மூன்றில் இரண்டு என்னும் வாயிலின் முன்னேதான் நிற்கின்றன. அத்தளர்வு பாடசாலைக்கும் கல்லூரிக்கும் அப்பாற் செல்லவில்லை.